அம்மாவுக்குச் 'சுளகு' என்ற சொல் வரவில்லை, இது மறதி நோயா?

நீங்கள் எழுதியதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நான் புரிந்துகொண்டது தப்பென்றால் திருத்துங்கள். உங்களுக்கு 34 வயது, சென்னையில் வேலை. அம்மாவுக்கு 61. அப்பா போன பிறகு அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார், சர்க்கரைக்கு எட்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். தீபாவளிக்குப் போயிருந்தபோது உளுந்து புடைக்க உங்களிடம் எதையோ எடுத்துவரச் சொன்னார். பெயர் வரவில்லை. "ஏட்டி, அந்த இத எடு, அன்னா ஆணியில மாட்டிக் கெடக்குல்லா" என்று இரண்டு கையையும் மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்கள். பத்து நிமிடம் கழித்து, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது, "சுளகு!" என்று அவராகவே சொல்லிச் சிரித்தார். மற்ற ஊர்களில் முறம் என்பார்களே, அதுதான். உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து போனில் அவர் எத்தனை முறை 'அது, இது' என்கிறார் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதே நாளில் உங்கள் மகள் பரணில் கிடந்த வைக்கோல் வளையத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் ஆச்சி அதை ஏதோ ஒரு பெயர் சொல்லிக் குறிப்பிடுவார் என்பது மட்டும் ஞாபகம். அதனால் உங்களுக்கும் ஆரம்பித்துவிட்டதோ என்று ஒரு பயம். அந்த வளையம் பிரிமணை. அடி உருண்டையான பானை சாயாமல் நிற்க அடியில் வைப்பது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி அது உங்களைத் தொந்தரவு செய்யாது.

'இது மறதி நோயா' என்று ஒரு கேள்வியாகக் கேட்டிருந்தாலும், உள்ளே மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரு பொருளின் பெயரே நம் கைக்கு வந்து சேராமல் போவது ஒன்று. பிரிமணை அந்த வகை. பெயர் உள்ளே இருந்தும் வாய்க்கு வராமல் நிற்பது இன்னொன்று. சுளகு அந்த வகை. பெயரோடு சேர்ந்து அந்தப் பொருள் என்ன என்பதே மனத்திலிருந்து கரைந்துபோவது மூன்றாவது. நீங்கள் பயப்படுவது மூன்றாவதை நினைத்து. நீங்கள் எழுதியதில் இருப்பவை முதல் இரண்டும். நான் பேச்சு மொழிப் பயிற்சியாளர். 22 வருடமாகப் பாளையங்கோட்டையில், பெரும்பாலும் பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போனவர்களோடு வேலை. நரம்பு டாக்டர் கிடையாது. நோய் இன்னது என்று முடிவு சொல்வதும் மருந்து எழுதுவதும் என் வேலை அல்ல, உங்கள் அம்மாவை நேரில் பார்க்கவும் இல்லை. ஆகவே உறுதியானதை உறுதி என்றும், ஆராய்கிறவர்களே இன்னும் ஒத்துப்போகாததை அப்படியென்றும் பிரித்தே சொல்கிறேன்.

பிரிமணையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பொருளை ஆயிரம் முறை பார்த்திருந்தால் மட்டும் அதன் பெயர் நமக்குச் சொந்தமாகிவிடாது. காதால் கேட்டு, வாயால் சொல்லி, அந்தச் சொல்லை வைத்து ஒருவரிடம் அதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஷூ கயிற்றின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் ஆக்லெட் என்று பெயர். பென்சிலின் பின்னால் ரப்பரைப் பிடித்துக்கொண்டிருக்கும் தகர வளையம் ஃபெரூல். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களில் நிறையப் பேருக்கு இவை தெரியாது. அந்தப் பெயரைச் சொல்லி அவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, அவ்வளவுதான். உங்களிடமும் பிரிமணையை எடுத்துவரச் சொல்ல யாருக்கும் வேலை இருந்திருக்காது. ஆச்சி காலத்திலேயே வீட்டுக்குத் தட்டை அடி எவர்சில்வர் குடம் வந்துவிட்டது. காருகுறிச்சியில் இன்றும் பானை வனைகிறார்கள், ஆனால் அந்தப் பானை பெரும்பாலும் பொங்கலுக்கு ஒரு நாள் அடுப்பில் ஏறுவதோடு சரி. தரையில் குடியிருக்கும் பானை இல்லாத வீட்டில் பிரிமணை பரணுக்குப் போகிறது, சொல்லும் கூடவே ஏறிவிடுகிறது.

நம் ஊர்ப் பொருட்களுக்கு உறுப்பு உறுப்பாகப் பெயர் உண்டு. பலவற்றை உடம்பிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறோம்: ஊசிக்குக் காது, சீப்புக்குப் பல், கெண்டிக்கு மூக்கு, பானைக்குக் கழுத்தும் வாயும், கதவு சுழலும் முளைக்குக் குடுமி. இவை சீக்கிரம் மறப்பதில்லை, உடம்பு கூடவே இருப்பதால். தொழிலோடு ஒட்டிய பெயர்கள்தான் தொழில் போனதும் போகின்றன. வண்டிச் சக்கரத்தின் நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் வட்டை, சக்கரம் கழன்றுவிடாமல் கடையாணி. ஏரில் கை பிடிப்பது மேழி, மண்ணைக் கிழிப்பது கொழு, மாட்டின் கழுத்தில் நுகத்தடி. பனையில் மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம்போல் இருப்பது கருக்கு, ஓலையின் நடு நரம்பு ஈர்க்கு, இளசு குருத்தோலை, முற்றியது சாரோலை, காய்ந்தது காவோலை, மட்டையடியில் வலைபோல் சுற்றிக்கொண்டிருப்பது பன்னாடை. பனையேறியின் காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி. திசையன்விளை, உடன்குடிப் பக்கம் வளர்ந்த 70 வயதுக்காரர் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வார். அவர் பேரன் பட்டையில் பதநீர் குடித்திருப்பான், பனங்கிழங்கு தின்றிருப்பான், இந்தப் பெயர்களில் இரண்டோ மூன்றோ சொல்வான். அவன் மூளைக்கு ஒரு குறையும் இல்லை.

இன்னொரு பக்கம், பொருள் போய்ச் சொல் மட்டும் தங்கியதும் உண்டு. 'சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்' என்று எல்லோரும் சொல்கிறோம். சிரட்டையில் காம்பு செருகிய அந்த அகப்பையைக் கையில் பிடித்தவர்கள் இன்று குறைவு. பன்னாடையைத் திட்டுவதற்கு மட்டுமே தெரிந்தவர்கள் அதிகம். வடிகட்டும்போது நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர் வசவானது. நன்னூல் கடைமாணாக்கனுக்குச் சொல்லும் நெய்யரி என்ற உவமையும் இதே பன்னாடைதான். பழமொழியில் ஒட்டிக்கொண்ட சொல்லுக்கு ஆயுள் கெட்டி. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

ஹாஸ்டலில் நடந்ததையும் எழுதியிருந்தீர்கள். சாரம், சிரட்டை, வாரியல் என்று சொன்னபோது மற்றப் பெண்கள் சிரித்ததாகவும், அன்றிலிருந்து லுங்கி, கொட்டாங்குச்சி, துடைப்பம் என்று மாற்றிக்கொண்டதாகவும். எனக்கு இது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தச் சொற்களில் ஒன்றுகூடக் கொச்சை கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, பதிப்பாசிரியராக இருந்து அதை முடித்துக் கொடுத்த வையாபுரிப் பிள்ளை நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். திருநெல்வேலி வழக்கு என்று குறிப்புப் போட்டே அதில் சொற்கள் ஏறியிருக்கின்றன. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி கொண்டுவந்தார். உங்கள் வீட்டின் பகுதிகளுக்குப் புழங்கிய தார்சா, பட்டாசல், அங்கணம், புறவாசல் எல்லாம் இந்த வரிசையில் உட்காருகிற சொற்கள்தாம். கேலிக்குப் பயந்து ஒரு சொல்லை விட்டால் நாம் விட்டதாக நினைப்பது ஒரு சொல்லை, உண்மையில் அதைக் கேட்டு வளர வேண்டிய அடுத்த ஆளையும் சேர்த்து விடுகிறோம். உங்கள் மகளுக்குப் பிரிமணை தெரியாததற்கு ஒரு வேர் இதிலும் இருக்கிறது.

சரி, இப்போது அம்மாவின் சுளகு. தெரிந்த சொல் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுக்கும் இந்த நிலையை 1966இல் ரோஜர் பிரௌன், டேவிட் மக்நீல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதனைச்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். மாணவர்களிடம் அரிதான சொற்களின் விளக்கத்தை வாசித்து, அந்தச் சொல் என்ன என்று கேட்டார்கள். நாக்கு நுனியில் நிற்கிறது என்று தவித்தவர்கள், சொல்லே வராதபோதும், அது எந்த எழுத்தில் தொடங்கும் என்று பாதிக்கு மேற்பட்ட தடவை சரியாகச் சொன்னார்கள். எத்தனை அசை என்பதும் ஏறக்குறையத் தெரிந்திருந்தது. ஒரு சொல் நமக்குள் ஒரே கட்டியாக இல்லை என்பது இதிலிருந்து தெளிவானது. அது எதற்குப் பயன்படும், எப்படி இருக்கும் என்ற அறிவு ஓரிடத்திலும், அதன் ஒலி வடிவம் வேறிடத்திலும் இருக்கின்றன. நடுவில் ஒரு பாதை. அம்மா கையை மேலும் கீழும் ஆட்டிய நேரத்தில் பொருளைப் பற்றிய அறிவு முழுதாக இருந்தது, ஆணியில் தொங்குகிறது என்பதுவரை. ஒலிக்குப் போகிற பாதைதான் அந்தப் பத்து நிமிடம் அடைத்துக்கொண்டது.

அந்தப் பாதை அடைபடுவதற்கு மூன்று காரணங்கள் உறுதியாகத் தெரியும். வயது ஒன்று. டெபோரா பர்க்கும் அவரோடு சேர்ந்தவர்களும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், இளையவர்களையும் முதியவர்களையும் இப்படி நிகழும்போதெல்லாம் டைரியில் குறித்துவைக்கச் சொன்னார்கள். முதியவர்களுக்கு அதிகம் நிகழ்ந்தது, ஆனால் எல்லா வயதினருக்கும் நிகழ்ந்தது. தடைப்பட்ட சொற்களில் பெரும்பாலானவை பிறகு வந்துசேர்ந்தன, பல சமயம் தேடுவதை நிறுத்திய பிறகு தானாக. உங்கள் அம்மாவுக்கு வந்தது போலவே. இரண்டாவது, புழக்கம். வெகுநாள் சொல்லாத சொல்லுக்குப் பாதை புல் மண்டிவிடும். தனியாக இருக்கிற பெண் கடையில் உடைத்த உளுந்தையே வாங்குகிறார் என்றால் சுளகு என்று அவர் கடைசியாக எப்போது வாய்விட்டுச் சொல்லியிருப்பார்? யாரிடம் சொல்வார்? எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தால்தானே பெயர் வேண்டும். மூன்றாவது, இரண்டு மொழி புழங்குவது. ஒரு மொழி மட்டும் பேசுகிறவர்களைவிட இரு மொழி பேசுகிறவர்களுக்குப் பொருட்பெயர்கள் இப்படி நுனியில் நிற்பது அதிகம் என்று தாமர் கோலன் முதலியோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புழக்கம் இரண்டாகப் பங்குபோவது அதற்குச் சொல்லப்படும் காரணம். இது அம்மாவைவிட உங்களுக்குப் பொருந்தும். பகல் முழுக்க ஆங்கிலத்தில் வேலை பார்த்துவிட்டு இரவில் மகளிடம் 'அதை எடு' என்கிறீர்கள் என்றால் அது சோர்வும் மொழிப் பங்கீடும்தான்.

ஆட்களின் பெயர்தான் எல்லோருக்கும் முதலில் தடுக்கும், ஏனென்றால் பெயருக்கும் ஆளுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கடைக்காரர் கடை வைத்திருப்பதால் கடைக்காரர், சுடலைமுத்து ஏன் சுடலைமுத்து என்பதற்கு அவர் முகத்தில் தடயம் இல்லை. நம் ஊரில் இது வெளியே தெரிவதும் இல்லை. அண்ணாச்சி, மைனி, சித்தி, மக்கா என்று கூப்பிட்டே ஒரு நாளை ஓட்டிவிடலாம். இந்த முறைச்சொற்கள் நல்ல துணை. அதே சமயம், நிஜமாகவே பெயர்கள் போய்க்கொண்டிருப்பவரின் சிரமத்தை வீட்டார் ஒரு வருடம் கழித்துத்தான் கவனிப்பதற்கும் இவை காரணமாவதை நான் பார்த்திருக்கிறேன்.

என் வேலையில் நடந்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்கு அது நேரடியாகப் பொருந்துவதால். படிப்பு முடித்துச் சேர்ந்த புதிதில், வேறு ஊரில் தயாரித்த படத் தொகுப்பை வைத்துப் பெயர் கேட்டு மதிப்பெண் போடுவேன். பக்கவாதம் வந்த ஒரு பெரியம்மாவிடம் துடைப்பத்தின் படத்தைக் காட்டினேன். "வாரியல்" என்றார். முறத்தைக் காட்டினேன், "சுளகு" என்றார். விடைத்தாளில் இருந்த சொல் வரவில்லை என்று இரண்டுக்கும் தவறு போட்டேன். இதே மண்ணில் பிறந்தவன், எனக்கு அந்தச் சொற்கள் தெரியும், ஆனாலும் தாளில் இருந்ததையே நம்பினேன். மதிப்பெண் குறைவு என்று கேட்டு அந்தக் குடும்பம் அழுதது. மறு வாரம்தான் திருத்தினேன். உலகம் முழுக்கப் புழங்கும் பாஸ்டன் பெயரிடல் தேர்வில் 60 கோட்டுப்படங்கள். கட்டிலில் தொடங்கி மணிச்சட்டத்தில் முடியும், எளிதிலிருந்து கடினத்துக்கு. அந்த வரிசை அமெரிக்க ஆங்கிலத்தின் புழக்கத்தை வைத்துப் போட்டது. கடைசிப் பத்துப் படங்களில், அதாவது மிகக் கடினமானவற்றில், தாழ்ப்பாள், இடுக்கி, நுகத்தடி மூன்றும் இருக்கின்றன. நம் ஊர் விவசாயி வீட்டில் இவை குழந்தைக்கும் தெரிந்தவை. அதே தொகுப்பில் நடுவில் வரும் பனிக்கட்டி வீட்டையோ நீர்நாய் போன்ற பீவரையோ அவர் கண்ணால் கண்டிருக்க மாட்டார். ஆகவே யாராவது ஒரு தாளை வைத்துக்கொண்டு உங்கள் அம்மாவுக்கு மதிப்பெண் போட்டால், அது யார் ஊர்ச் சொற்களை வைத்துச் செய்த தாள் என்று தயங்காமல் கேளுங்கள்.

சொல் எங்கே தங்கியிருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் ஓலைப்பெட்டி முடைகிற ஓர் அம்மா. பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது 'அது', 'ஆமா', 'அம்மாடி' என்ற மூன்று சொற்கள். ஒரு மாதம் படங்களைக் காட்டினேன், ஒன்றும் நகரவில்லை. ஒரு நாள் அவர் மகளிடம் சொல்லி ஒரு கட்டுக் குருத்தோலை கொண்டுவரச் செய்தேன். வலது கை சரியாக வராது. இடது கையால் ஓலையை வாங்கி, மடியில் வைத்து, பெருவிரல் நகத்தால் நடு நரம்பைக் கீறி ஒரே இழுப்பில் உரித்தெடுத்தார். உரித்த நரம்பை என்னிடம் நீட்டினார். நான் "ஈ..." என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். "ஈர்க்கு" என்றார். அவர் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்று கருக்கு, மட்டை இரண்டும் வந்தன. மறுநாள் 'சட்டியில இருந்தா' என்று நான் தொடங்க, 'அகப்பையில வரும்' என்று முடித்தார். பழமொழியும் பாட்டும் எண்ணிக்கையும் வாய் தானாக ஓட்டுகிற பேச்சு, மற்றது போன பிறகும் அது பல பேருக்குத் தங்குகிறது. முதல் ஒலியை எடுத்துக் கொடுத்தால் சொல் வருவதும் என் துறையில் நன்றாக நிறுவப்பட்டது. கை அசைவு சொல்லை இழுத்துவருமா என்பதில் மட்டும் ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. அன்று ஓலை செய்த வேலையைக் கண்ணால் பார்த்தேன், அதை வைத்து எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன்.

இனி நீங்கள் பயப்படுகிற மூன்றாவது வகை. மூளையின் பக்கவாட்டு மடல்கள் மெல்லத் தேயும் ஒரு நோயில் சொல்லின் பொருளே கரைகிறது. அப்படிப்பட்டவரிடம் சொல்லைச் சொல்லிக் கொடுத்தாலும் பயன் இருக்காது. "சுளகா? சுளகுன்னா என்னது?" என்று உண்மையாகவே கேட்பார். இந்தக் கேள்விதான் எனக்குக் கலக்கம் தருகிற அடையாளம். அல்சைமர் நோயிலும் ஆரம்பத்திலேயே பெயர்கள் தடுக்கும், ஆனால் அங்கே அது தனியாக வருவது குறைவு. காலையில் நடந்தது மாலையில் முழுக்க நினைவில்லாதது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, ரசம் வைக்கிற வரிசை குழம்புவது, பால் கணக்குத் தப்புவது, பழகிய தெருவில் வழி தவறுவது இவை கூடச் சேர்ந்து வரும். வேறு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டு அது தப்பென்று தெரியாமலே போவதும் கவனிக்க வேண்டியது. உங்கள் அம்மா தடுமாறியதை அவரே உணர்ந்தார், பொருளைச் சரியாகக் காட்டினார், பிறகு சொல்லைத் தானே பிடித்தார். இந்த மூன்றும் நல்ல அறிகுறிகள். ஒரே ஒரு சம்பவத்தை வைத்து ஒன்றுமே இல்லை என்று எழுதிக்கொடுக்க முடியாது, பார்க்காமல் அதற்கு மேல் நான் போகக் கூடாது.

ஒன்று மட்டும் இதிலிருந்து தனி. சொற்கள் திடீரென்று, அந்த நிமிடத்தில், குழறினாலோ நின்றாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. தனியாக இருக்கிறார் என்பதால் பக்கத்து வீட்டாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

திடீரென்று இல்லாமல் மெல்ல வருகிற தடுமாற்றத்தில், மருந்தால் சரியாகக்கூடிய காரணங்களைத்தான் முதலில் தேட வேண்டும். சர்க்கரைக்கு அம்மா சாப்பிடுவது மெட்ஃபார்மின் என்றால், அதை வருடக்கணக்கில் எடுப்பவர்களில் வைட்டமின் பி12 குறைவது தெரிந்த விஷயம், பி12 குறைந்தால் நினைவு மந்தமாகும். தைராய்டு குறைவும் அப்படியே. சர்க்கரை அடிக்கடி தாழ்வதும், சரியான தூக்கம் இல்லாததும், தூக்க மாத்திரையும், சில சளி மாத்திரைகளும் பேச்சை மழுக்கும். துக்கமும் மழுக்கும். அப்பா போன பிறகு தனியாக இருக்கிறார் என்று ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள், எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிந்தது. மனச்சோர்வில் இருப்பவருக்குச் சொல் வராது, வரவைக்க ஆசையும் இருக்காது. அப்புறம் காது. கேட்கும் திறன் குறைந்தவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார், பேச்சு குறைந்தால் சொல் துருப்பிடிக்கிறது. லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு 2024இல் மறதி நோய்க்குத் தவிர்க்கக்கூடிய காரணிகள் என்று பட்டியலிட்ட 14இல் கேட்புக்குறைவும் ஒன்று. ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு காதுப் பரிசோதனை, சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுவது, இவை மூன்றும் ஒரே பயணத்தில் முடிகிற வேலை.

குறுக்கெழுத்துப் போட்டி, மூளைப் பயிற்சி ஆப் இவை மறதி நோயைத் தடுக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். பயிற்சி செய்த விளையாட்டில் கை தேறுவது உறுதி, அது அன்றாடப் பேச்சுக்கும் வந்துசேரும் என்பதற்குச் சான்று பலவீனம். வல்லாரை நல்ல கீரை, துவையல் அரைத்துச் சாப்பிடட்டும், அதை மருந்தென்று நம்பி பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பேசும்போது என்ன செய்வது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. போனில் எண்ணுவதை நிறுத்துங்கள். நீங்கள் எண்ணுவது அவருக்குக் குரலிலேயே தெரியும், பரீட்சையில் உட்கார்ந்தவருக்கு நாக்கு இன்னும் இறுகும். அவர் தேடும்போது ஒரு மூச்சு அளவு காத்திருங்கள். வரவில்லை என்றால் "சு..." என்று முதல் எழுத்தை மெதுவாக எடுத்துக்கொடுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் சொல்லையே சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். நாக்கு நுனியில் வெகுநேரம் போராட விட்டால் அடுத்த முறையும் அதே சொல் அதே இடத்தில் சிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று காரின் ஹம்ஃப்ரீஸும் ஏமி பெத் வாரினரும் 2008இல் காட்டியிருக்கிறார்கள். 'யோசிம்மா, யோசிச்சாத்தான் வரும்' என்று மல்லுக்கட்டுவது அன்பாக இருக்கலாம், பலன் எதிராகத்தான் போகும். வந்த பிறகு அந்தச் சொல்லை அவர் வாயாலேயே இரண்டு மூன்று முறை சொல்ல நேர்ந்தால் பாதை சீராகும். உளுந்து புடைத்து முடிந்ததும் "சுளக எங்கம்மா மாட்டணும்?" என்று நீங்கள் கேட்டாலே போதும்.

பொங்கலுக்குப் போகும்போது மகளை அவரோடு அடுப்படியில் விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றாகக் காட்டி இது என்ன ஆச்சி என்று குழந்தை கேட்கட்டும், அவளுக்கு உண்மையாகவே தெரியாது, அதனால் அது பரீட்சை ஆகாது. பரணிலிருந்து பிரிமணையை இறக்கி, பொங்கல் பானையை அடுப்பிலிருந்து எடுத்து அதன்மேல் வையுங்கள். உங்கள் வீட்டில் அதைப் பிரிமணை என்றுதான் சொன்னீர்களா, வேறு பெயர் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள், ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல் மாறும். பி12 அளவு என்ன வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.